பழைய சேலையும் ஒரு விஞ்ஞானியும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



இன்றைக்கு வரவு செலவு வாசித்தாகி விட்டது. புதிய நிர்வாகிகளையும் தேர்ந்தெடுத்து விட்டோம். சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். கடனைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

"விஞ்ஞானிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின் வரிசையில் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. நம்ம வீட்டுப் பெட்டியில் கிடக்கிற பழைய நூல் சேலைதான் சம்பந்தம். அது எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

நான் எழுதிய அறிக்கை

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம். நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஊர் ஒன்றில் தெருத்தெருவாக வாந்தி பேதி. குழந்தைகள்தான் அதிகமாக அவதிப்பட்டார்கள். கிராம சுகாதார செவிலியரோடு சேர்ந்து நானும் வீடு வீடாகப் போனேன். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்தோம். அப்புறம் குழுக்களைக் கூட்டி, படம் காட்டி, "தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் குடியுங்கள்" என்று பயிற்சி கொடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "மேடம், எங்க வீட்ல ஆறு பேரு. ஒரு நாளைக்குக் குடிக்கவே ரெண்டு குடம் தண்ணி வேணும். இருக்கிற சிலிண்டர்ல சோறாக்கவே மாசக் கடைசி இழுத்துக்கிட்டுக் கிடக்கு. மழையில வெறகெல்லாம் நனைஞ்சு போச்சு. ரெண்டு குடத்த நான் எதுல காய்ச்சுவேன், சொல்லுங்க?"

என்னிடம் பதில் இல்லை. "கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் ஆகணும் அக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி விட்டேன். அன்றைக்கு இரவு அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன். "மக்களிடையே விழிப்புணர்வு குறைவாக உள்ளது" என்று எழுதினேன்.

அந்த வரி பொய். அந்த அக்காவுக்கு விழிப்புணர்வு இருந்தது. தண்ணீரில்தான் நோய் வருகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் இல்லாதது விறகு. ஐந்து வருடம் சமூகப்பணி படித்து முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்கு, அந்த வித்தியாசம் புரியவில்லை. பிறகு ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. அந்த அம்மாவும் இதே கேள்வியைத்தான் வங்கதேசத்தில் சந்தித்தார். ஆனால் அவர் பஸ் ஏறிப் போய்விடவில்லை.

எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது

ரீட்டா 1934ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெவர்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் அவர் ஏழாவது. வசதியான வீடு இல்லை. ஆனால் படிப்பில் கெட்டி.

1956ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் நுண்கிருமி இயலில் பட்டம் வாங்கினார். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டுத் துறைத் தலைவரிடம் போனார். "பெண்களுக்குக் கொடுத்து உதவித்தொகையை வீணடிப்பதில்லை" என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்ற பேச்சு நம்ம ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலும் அதே பேச்சுத்தான்.

ரீட்டா அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. அந்தத் துறையில் கதவைச் சாத்தினால் வேறு துறையில் தட்டினார். அதே பல்கலைக்கழகத்தில் மரபியல் பிரிவில் இடம் கிடைத்தது. 1958ல் முதுகலை முடித்தார். அங்கே பழக்கமான ஜாக் கோல்வெல் என்ற மாணவரைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் கிருமிகளை ஆராய்ந்து 1961ல் முனைவர் பட்டம் பெற்றார்.

அடுத்துக் கணவனும் மனைவியும் கனடா நாட்டுக்குப் போனார்கள். அங்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜாக்குக்கு உதவித்தொகை கிடைத்தது. ரீட்டாவுக்குக் கிடைக்கவில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்குக் கொடுப்பதில்லை என்று விதியாம்! யாருக்குக் கிடைக்காமல் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "சம்பளம் வேண்டாம், வேலை செய்ய இடம் மட்டும் கொடுங்கள்" என்று கேட்டு, சம்பளம் இல்லாமல் ஆராய்ச்சி செய்தார். இரண்டு பெண் குழந்தைகளையும் வளர்த்தார். பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பி ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். 1972ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார்.

கிருமி எங்கே ஒளிந்து கொள்கிறது?

அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி காலரா. நம் பாட்டிமார் காலத்தில் அந்தப் பெயரைச் சொல்லவே பயப்படுவார்கள். காலராக் கிருமி குடலுக்குள் போய் ஒரு நஞ்சைக் கக்கும். உடம்பில் இருக்கிற நீரும் உப்பும் பேதியாக வெளியே கொட்டும். வைத்தியம் பார்க்கவில்லை என்றால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். உடனே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு டிரிப் ஏற்றினால் நூற்றில் 99 பேருக்கு மேல் பிழைத்துக் கொள்வார்கள்.

காலரா ஒரு பருவத்தில் வரும், போகும். அடுத்த பருவத்தில் மறுபடி வரும். வங்கதேசத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை தலைகாட்டும். இடைப்பட்ட மாதங்களில் அந்தக் கிருமி எங்கே போகிறது? அந்தக் காலத்து விஞ்ஞானிகளில் பலர், "அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது, வெளியே நீண்ட நாள் பிழைக்காது" என்று நம்பினார்கள்.

ரீட்டா கடலையும் கழிமுகத்தையும் ஆராய்ந்தவர். அவருக்குச் சந்தேகம் வந்தது. மேரிலாந்தை ஒட்டி செசபீக் விரிகுடா இருக்கிறது. அங்கே காலரா நோயே கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீரில் காலராக் கிருமி இருக்கிறது என்று 1977ல் ரீட்டாவும் அவரோடு இருந்த ஆராய்ச்சியாளர்களும் எழுதினார்கள். பலர் நம்பவில்லை. கேலி செய்தவர்களும் உண்டு.

அவர்கள் கண்டுபிடித்தது இதுதான். குளம், ஆறு, கழிமுகம் ஆகியவற்றின் தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்ன உயிர்கள் மிதக்கின்றன. இறால் இனத்தைச் சேர்ந்த தூசி மாதிரிப் பூச்சிகளும் அவற்றில் உண்டு. காலராக் கிருமி அந்தப் பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. ஒரு பூச்சியின் மேல் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கும். காலம் சரியில்லை என்றால் அந்தக் கிருமி உறங்குகிற மாதிரி அடங்கிக் கிடக்கும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால் வளராது. அதனால்தான் மற்றவர்கள் கண்ணுக்கு அது படவில்லை. செத்துப் போய்விட்டது என்று நினைத்துக் கொண்டார்கள். ஆனால் அது உயிரோடுதான் இருக்கிறது. தண்ணீர் சூடாகி, பாசி பெருகி, அதைத் தின்னும் பூச்சிகள் பெருகும்போது கிருமியும் பெருகுகிறது. நோய் கிளம்புகிறது.

இதை எல்லோரும் ஒத்துக்கொள்ள பல வருடம் ஆனது. அத்தனை வருடமும் அவர் மாணவர்களை உருவாக்கிக் கொண்டும், மாதிரி எடுத்துக் கொண்டும், எழுதிக் கொண்டும் இருந்தார்.

நாலு மடிப்பு

1970களிலிருந்தே ரீட்டா வங்கதேசத்துக்குப் போய் வந்து கொண்டிருந்தார். டாக்காவில் பேதி நோய் ஆராய்ச்சிக்கென்றே ஒரு பெரிய மையம் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்.

அங்கே கிராமத்துப் பெண்கள் குளத்திலும் ஆற்றிலும் குடத்தை முக்கித் தண்ணீர் எடுப்பார்கள். நம் மாதிரியே இடுப்பில் வைத்துக்கொண்டு போவார்கள். கொதிக்க வைத்துக் குடிக்கலாமே என்றால் விறகுக்குப் பஞ்சம். வெள்ளக் காலத்தில் அடுப்பே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். குழாய்க் கிணறு இருக்கிறதே என்றால், பல ஊர்க் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்திருப்பது 1990களில் பரவலாகத் தெரியவந்தது. அவர்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

விலை உயர்ந்த வடிகட்டி மிஷின் ஒன்றை அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வருடத்தில் பழுதாகி மூலையில் கிடந்திருக்கும். நம் பஞ்சாயத்திலும் அப்படிக் கிடக்கிற மிஷின்களைப் பார்த்திருக்கிறோம்.

ரீட்டாவும் அவருடைய ஆய்வுக் குழுவில் இருந்த வங்கதேசத்துக்காரரான அன்வர் ஹக்கும் வேறு மாதிரி யோசித்தார்கள். கிருமி ரொம்பச் சின்னது. எந்தத் துணியிலும் நுழைந்து போய்விடும். ஆனால் கிருமி ஒட்டியிருக்கிற பூச்சி பெரியது. பஸ்ஸை நிறுத்தினால் உள்ளே இருக்கிற பயணிகளும் நின்றுவிடுவார்கள் இல்லையா? அது மாதிரி பூச்சியைத் தடுத்தால் அதன் மேல் இருக்கிற கிருமியும் நின்றுவிடும். அதற்கு என்ன துணி வேண்டும்?

அங்கே பெண்கள் ஏற்கெனவே பானம் கலக்கும்போது இலை, தூசி, பூச்சியை எடுக்கச் சேலைத் துணியில் வடிகட்டுகிற பழக்கம் உண்டு. நம் வீட்டிலும் குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டுவோம் அல்லவா, அது போல. ஆனால் ஒரே மடிப்பில் வடிகட்டுவார்கள். ஆய்வுக்கூடத்தில் வைத்து ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று மடித்துப் பார்த்தார்கள். நாலாக மடித்த பழைய நூல் சேலையில் பூச்சியோடு ஒட்டியிருந்த காலராக் கிருமியில் 99 சதவீதம் நின்றுவிட்டது!

புதுச் சேலையை விடப் பழைய சேலைதான் நல்லது என்பதையும் கண்டார்கள். துவைத்துத் துவைத்து நூல் பஞ்சு மாதிரி விரிந்து, இழைக்கு இழை நடுவில் இருக்கிற ஓட்டை சின்னதாகி விடுகிறது. நாம் ஒன்றுக்கும் உதவாது என்று கரித்துணியாகக் கிழிக்கிற சேலை, ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்து முதல் இடம் வாங்கியிருக்கிறது, பார்த்துக் கொள்ளுங்கள்.

பரிசோதனைக் குழாயில் சரியாக வந்தது, குடத்தில் சரியாக வருமா? 1999ல் தொடங்கி வங்கதேசத்தில் மட்லாப் என்ற பகுதியில் 65 கிராமங்களில், சுமார் 1 லட்சத்து 33 ஆயிரம் பேரிடம் சோதித்தார்கள். சில கிராமங்களில் சேலைத்துணி, சில கிராமங்களில் நைலான் வலை, சில கிராமங்களில் வழக்கம் போல. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். சேலையில் வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய பாதி! செலவு ஒரு பைசா இல்லை. 2003ல் இந்த முடிவு வெளியானது.

பதவி எதற்கு?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புதிய நிர்வாகிகள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

இந்தச் சேலை ஆராய்ச்சி நடந்த காலத்தில் ரீட்டா சாதாரணப் பேராசிரியராக இருக்கவில்லை. 1983 முதல் 1987 வரை மேரிலாந்து பல்கலைக்கழக அமைப்பில் கல்விப் பிரிவின் துணைத் தலைவராக இருந்தார். பிறகு அங்கே உயிரித் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு நிறுவனத்தை உருவாக்கி, 1991 முதல் 1998 வரை அதன் தலைவராக இருந்தார். 1998ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு இயக்குநர் ஆனார். அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்கு வருடத்துக்குப் பல நூறு கோடி டாலர் பிரித்துக் கொடுக்கிற அரசு அமைப்பு அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். 2004 வரை இருந்தார்.

நினைத்துப் பாருங்கள். உதவித்தொகை கொடுத்தால் வீண் என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண், ஒரு தேசத்துக்கே ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குகிற இடத்துக்கு வந்தார்.

அங்கே போய் என்ன செய்தார்? இரண்டு காரியத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, பின்னால் வருகிற பெண்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார். 2001ல் அட்வான்ஸ் என்ற திட்டத்தை அந்த அமைப்பு தொடங்கியது. அறிவியல், பொறியியல் துறைகளில் பெண்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள், ஏன் மேல் பதவிக்கு வருவதில்லை என்று பார்த்து, அதைச் சரி செய்யப் பல்கலைக்கழகங்களுக்கே பணம் கொடுத்தது. "பெண்களே, நீங்கள் மாறுங்கள்" என்று சொல்வது ஒரு வழி. "நிறுவனமே, நீ மாறு" என்று சொல்வது இன்னொரு வழி. அந்தத் திட்டம் இரண்டாவது வழியில் போனது.

இரண்டாவது, அவர் வேலையை விடவில்லை. வாஷிங்டனில் பெரிய நாற்காலி. ஆனால் அதே வருடங்களில்தான் மட்லாப் கிராமங்களில் சேலைச் சோதனை நடந்தது. 2003ல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் ரீட்டா கோல்வெல்.

நம்மிடம் என்ன நடக்கிறது? குழுவில் நன்றாக உழைக்கிற ஒரு சகோதரியைக் கூட்டமைப்புப் பொறுப்புக்கு அனுப்புகிறோம். பொறுப்புக்கு வந்த மறு மாதமே சிலர் சொந்தக் குழுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தி விடுகிறார்கள். வங்கிக்குப் போவது, ஒன்றிய அலுவலகத்துக்குப் போவது, மேடையில் உட்காருவது, இதுவே வேலையாகி விடுகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கும் இது பொருந்தும். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு ஊருக்குப் போகிற நாட்கள் எனக்கும் குறைந்துதான் போயின.

பொறுப்பு என்பது சாவி மாதிரி. பெட்டிச் சாவியை மூன்று பேர் வைத்துக் கொள்கிறோமே, எதற்கு? பெட்டியைத் திறக்கத்தானே தவிர, இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதற்கு இல்லை.

மூன்றில் ஒருவர்

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனை முடிந்து ஐந்து வருடம் கழித்து அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டார்கள். இடையில் யாரும் போய் நினைவுபடுத்தவில்லை, பயிற்சி கொடுக்கவில்லை. அப்படியும் 31 சதவீதம் பேர் இன்னும் வடிகட்டிக் கொண்டிருந்தார்கள். வடிகட்டுகிற வீடுகளைச் சுற்றி இருக்கிற, வடிகட்டாத வீடுகளுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்திருந்தது. பக்கத்து வீட்டில் நோய் குறைந்தால் நம் வீட்டுக்கும் நோய் குறையும் அல்லவா?

மூன்றில் ஒருவர் விடவில்லை என்று சந்தோஷப்படலாம். மூன்றில் இருவர் விட்டுவிட்டார்களே என்றும் கவலைப்படலாம். எனக்கு இரண்டும் தோன்றியது. ஆனால் அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும், யாராவது வாராவாரம் கேட்டுக் கொண்டிருந்தால்தான் அது வீட்டில் தங்கும். அமெரிக்க விஞ்ஞானியால் ஒவ்வொரு வாரமும் வந்து கேட்க முடியாது. நம்மால் முடியும். "இந்த வாரம் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பேதி? டேங்க் கழுவினார்களா?" என்று கேட்கக் குழுக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லி விடுகிறேன். சேலையில் வடிகட்டினால் எல்லா நோயும் போய்விடும் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லாதீர்கள். பூச்சியின் மேல் ஒட்டாமல் தனியாக மிதக்கிற கிருமியைத் துணி தடுக்காது. மஞ்சள் காமாலை போன்ற நோய்களைத் தருகிற வைரஸ் அதைவிடச் சின்னது, அதையும் தடுக்காது. ஆர்செனிக், புளோரைடு போன்ற தண்ணீரில் கரைந்தவற்றையும் தடுக்காது. நம் ஊரில் பெரும்பாலும் குழாய்த் தண்ணீர். சாக்கடை பக்கத்தில் குழாய் உடைந்தால் அதற்கு வைத்தியம் குழாயைச் சரி செய்வதும், குளோரின் போடுவதும்தான். முடிந்தவர்கள் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வேறு வழியே இல்லாத வெள்ள நாளில், குளத்துத் தண்ணீரை எடுக்க வேண்டிய நேரத்தில், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய நூல் சேலையை நாலாக மடித்து வடிகட்டுங்கள். அதன் பிறகு குளோரின் மாத்திரை போடுங்கள். பேதி கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வானத்திலிருந்தும் குடத்திலிருந்தும்

ரீட்டா சேலையோடு நிற்கவில்லை. கடல் நீரின் சூட்டையும் பாசியின் நிறத்தையும் வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் பார்க்கிறது அல்லவா? அதை வைத்துக் காலரா எப்போது, எங்கே கிளம்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என்றார். ஏமன் நாட்டில் போரினால் குடிநீரும் ஆஸ்பத்திரியும் சீரழிந்து, 2017ல் லட்சக்கணக்கானவர்களைக் காலரா தாக்கியது. 2018ல் அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கணிப்பை வைத்து, எந்தப் பகுதியில் ஆபத்து அதிகம் என்று சில வாரங்களுக்கு முன்பே தெரிந்து கொண்டு, அங்கே உதவியை அனுப்பினார்கள்.

2006ல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கமும் 2010ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருதும் அவருக்குக் கிடைத்தன. தென்துருவப் பனிக்கண்டத்தில் ஒரு மலைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 2020ல், அறிவியல் உலகில் பெண்கள் படுகிற பாட்டைப் பற்றித் தன் அனுபவத்தையே புத்தகமாக எழுதினார். அப்போது அவருக்கு வயது 85.

ஆனால் எனக்கு அந்த மலையை விடப் பெரிதாகத் தெரிவது அந்த நாலு மடிப்புத்தான். பெரிய படிப்பும் பெரிய பதவியும் இருந்தும், ஒரு ஏழைப் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தாரே, அதுதான். அவளிடம் இல்லாததைப் பட்டியல் போடவில்லை. இருப்பதை எடுத்து, அதை எப்படி மடித்தால் உயிர் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார்.

சகோதரிகளே, அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்ட அக்கா இன்றைக்கு இதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், சொல்லவில்லை. அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனதற்கும், உங்களைப் பற்றித் தவறாக எழுதியதற்கும் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். போன மாதம் அந்தப் பழைய அறிக்கையை எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, "எரிபொருள் இல்லை. பயிற்சி கொடுத்தவரிடம் மாற்று யோசனையும் இல்லை" என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனிமேல் நான் உங்கள் ஊருக்குப் பயிற்சி கொடுக்க வந்தால், தலையாட்டாதீர்கள். முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். ஏன் முடியாது என்றும் சொல்லுங்கள். அந்தக் "ஏன்" என்கிற இடத்தில்தான் அடுத்த வழி இருக்கிறது. மைக்ராஸ்கோப்பு இல்லாவிட்டாலும் அந்த வேலையை நாமும் செய்யலாம்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நமக்குக் கொடுத்த பயிற்சிகளில், தலையாட்டிவிட்டு வீட்டில் செய்ய முடியாமல் போனது எது? ஏன் முடியவில்லை?

2. நம் ஊர் மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? குளோரின் போடுகிறார்களா? அடுத்த கிராம சபையில் கேட்கப் போவது யார்?

3. பொறுப்பில் இருப்பவர்கள் கடந்த ஒரு வருடத்தில் யாருக்குக் கதவு திறந்து விட்டோம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.